மூன்றாம் நம்பர் பெட்டி

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு என் வேலை போயிடும்" என்றார் வந்தவர்.

"இப்போ மணி பத்துதானே? உக்காருங்க, ஒரு காபி குடிக்க நேரம் இருக்கு" என்றாள் வாயாடி.

வந்தவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் சட்டைப் பையில் இசைக்கருவிக் கடையின் பெயர் தைத்திருந்தது. நேற்று தேய்த்த சட்டை, இன்றைக்குக் கலங்கிய கண்.

தையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் துப்பறியும் நிலையம். கீழே மெஷின்கள் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை லேசாக நடுங்கும். மேஜைக்குப் பின்னால் இருந்தவளை அந்தத் தெருவே 'அண்ணி' என்றுதான் கூப்பிட்டது. பதினெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவள். எண்களைப் பார்த்தே யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறையில் ஃபேன் போட்டுத் தூங்குகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கம் ஒருநாள் தொழிலாகிவிட்டது. முறைப்படி அவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான், அவள் கணவரின் தங்கை. வாயாடி என்பது தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர். உதவியாளர் என்று நிலையத்தின் பெயர் அட்டையில் அச்சடித்திருந்தார்கள். குறிப்பெடுப்பது, ஸ்கூட்டர் ஓட்டுவது, யாரும் கேட்காமலே கருத்துச் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

சேல்ஸ்மேன் சொன்னார். ஒரு பாட்டுக் குழு. பாடகி, கீபோர்டு வாசிக்கும் அவருடைய தம்பி, ஒரு தபேலாக்காரர். பூங்காவில் ஒரு வருஷத்துக்கு வாரம் ஒரு கச்சேரி என்று அவர்களுக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. இன்று மாலை முதல் கச்சேரி. பழைய ஸ்பீக்கர் உயிரை விட்டுவிட்டதால், தூக்கிக்கொண்டு போகிற மாதிரி புதிதாக ஒன்று வாங்க நேற்றுக் கடைக்கு வந்தார்கள்.

"அளவைப் பார்த்து மயங்கக் கூடாது, காதால கேட்டுத்தான் முடிவு பண்ணுவோம்னு அந்தம்மா சொன்னாங்க. சரின்னு மூணு பெட்டியைக் கறுப்புத் திரைக்குப் பின்னால வச்சேன். ஒண்ணாம் நம்பர் பெரிசு, முப்பத்திரண்டு கிலோ. ரெண்டாவது நடுத்தரம். மூணாவது தோள்ல மாட்டுற சின்னப் பெட்டி, ஆறு கிலோ, பேட்டரியில ஓடும். முன்னாடி ஒரு சுவிட்ச் பெட்டி. நான் நம்பரைச் சொல்லிச் சுவிட்சைத் திருப்புவேன். அவங்களோட பாட்டுப் பதிவையே போட்டு ஒரு மணி நேரம் மாத்தி மாத்திக் கேட்டாங்க."

"எதைத் தேர்ந்தெடுத்தாங்க?"

"மூணு பேரும் மூணாம் நம்பரை! எனக்கே ஆச்சரியம். சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்க. இன்னிக்குக் காலையில ஒத்திகையில போட்டா, தகர டப்பாக்குள்ள கொசு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காம். பெட்டியை மாத்திக் கொடுத்துட்டேன், நான் திருடன்னு அந்தம்மா முதலாளிகிட்ட கத்திட்டாங்க. ஆறு மணிக்குள்ள நான் நிரூபிக்கலைன்னா கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்புன்னு முதலாளி சொல்லிட்டார்."

அவர் மேஜை மேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, மூன்று பேரும் எழுதிக் கொடுத்த மதிப்பெண் சீட்டுகள். இன்னொன்று, பெட்டியை வாங்கியவுடன் கடையில் எடுத்த புகைப்படம்.

வாயாடி சீட்டுகளை உரக்கப் படித்தாள். "பாடகி. ஒன்று, வறட்சி. இரண்டு, பரவாயில்லை. மூன்று, என் குரலை எனக்கே அறிமுகம் செய்துவைத்தது. தம்பி. ஒன்று, கரகரப்பு. மூன்று, பட்டு. தபேலாக்காரர். மூணு! மூணு! மூணு!" அவள் நிமிர்ந்தாள். "அண்ணி, இந்தத் தபேலாக்காரர் மேல எனக்குச் சந்தேகம். இவ்வளவு ஆச்சரியக்குறி போடுறவன் நல்லவனா இருக்க மாட்டான்."

அண்ணி சீட்டுகளை வாங்கிக் கட்டங்களைப் பார்த்தாள். தெளிவு, இனிமை, கம்பீரம், எதிரொலி. நாலே கட்டம். பிறகு புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பாடகியின் மடியில் குழந்தை மாதிரி அந்தச் சின்னப் பெட்டி. மூன்று பேர் முகத்திலும் பல். பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் பச்சை எழுத்து.

"இது என்ன எண்?"

"பேட்டரி அளவு. எத்தனை சதவீதம் மிச்சம்னு காட்டும். முந்தின நாளே நான் முழுசா ஏத்தி வச்சிருந்தேன்."

"சோதனை நேரத்துல பிளக்குல செருகியிருந்தீங்களா?"

"இல்லை. பேட்டரியில ஓடுதுன்னு காட்டறதுக்காகவே செருகலை."

"ஒரு மணி நேரத்துல மூணுல ஒரு பங்கு இது பாடியிருக்கணும். முழுச் சத்தத்துல. அப்புறம் எடுத்த படம் இது." அண்ணி புகைப்படத்தைத் திருப்பிக் காட்டினாள். "நூறுன்னு காட்டுது."

வாயாடி எட்டிப் பார்த்தாள். "சாப்பிடாமலே பாடுற பாகவதரா?"

"பாடவே இல்லைன்னு அர்த்தம்" என்றாள் அண்ணி. "ஸ்கூட்டரை எடு."

*

கடையின் மாடியறை பூட்டியபடியே இருந்தது. நேற்று வியாபாரம் முடிந்த சந்தோஷத்தில், ஒயர்களை அப்புறம் சுற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதாகச் சேல்ஸ்மேன் சொன்னார்.

"சின்னப் பெட்டியைத் தூக்கும்போது அதுல ஒயர் மாட்டியிருந்ததா?" என்று கேட்டாள் அண்ணி.

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. "தூக்கினேன், வந்துடுச்சு. ஒயரைக் கழட்டின ஞாபகமே இல்லையே."

அண்ணி திரைக்குப் பின்னால் போய்த் தரையில் மண்டியிட்டாள். சுவிட்ச் பெட்டியிலிருந்து மூன்று ஒயர்கள் வந்தன. இரண்டாவது, நடுத்தரப் பெட்டிக்கு ஒழுங்காகப் போயிருந்தது. முதல் ஒயர் பெரிய பெட்டியின் முதல் துளைக்குப் போயிருந்தது. மூன்றாவது ஒயர் சுவரோரமாக நழுவி, பெரிய பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அதே பெட்டியின் இரண்டாவது துளைக்குள் சொகுசாகப் படுத்திருந்தது.

"அடப்பாவி!" வாயாடி கைகொட்டிச் சிரித்தாள். "ஒண்ணும் மூணும் ஒரே பெட்டியா? அதைக் கேட்டுட்டா ஒண்ணு வறட்சி, மூணு பட்டுன்னு எழுதினாங்க? இந்தச் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டணும் அண்ணி!"

சேல்ஸ்மேனுக்கும் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"சிரிச்சு முடிச்சிட்டியா? கண்ணை மூடு" என்றாள் அண்ணி.

வாயாடி மூடினாள். சேல்ஸ்மேன் அதே பாட்டுப் பதிவைப் போட்டார். சுவிட்ச் ஒன்றில் இருந்தபோது ஒரு பெண் குரல் நன்றாகத்தான் பாடியது, மேலே ஏறும் இடங்களில் மட்டும் காதில் லேசாகக் குத்தியது. கிளிக். அதே குரல், அதே வரி. ஆனால் இப்போது குத்தல் இல்லை. பாடுகிறவள் இரண்டு அடி கிட்டே வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாடுவது மாதிரி இருந்தது. வாயாடியின் கையில் மயிர்க்கால்கள் நின்றன.

"ரெண்டாவது கேட்டதுதான் பிடிச்சிருக்கு" என்றாள் கொஞ்சம் வெட்கத்தோடு. "அது மூணா?"

"மூணு. சீட்டு எழுதினவங்க யாரும் முட்டாள் இல்லை." அண்ணி பெரிய பெட்டியின் முகப்பைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக ஒரு வரிசைத் திருகுகள் இருந்தன. முதல் வரிசையில் எல்லாத் திருகும் நட்டநடுவில், கடையில் வைத்தது வைத்தபடி. இரண்டாவது வரிசையில் சத்தம் ஒரு நூல் கூடுதல். காதைக் குத்தும் மேல் சத்தத்துக்கான ட்ரெபிள், கால் திருப்பு குறைவு. எக்கோ, இருக்கா இல்லையா என்கிற அளவுக்கு ஒரு துளி.

"இது நீங்க வச்சதா?"

"நான் ரெண்டாவது வரிசையைத் தொடவே இல்லைங்க. எனக்கு இவ்வளவு நுணுக்கமா வைக்கவும் தெரியாது. இருபது வருஷமா ஸ்பீக்கர் விக்கிறேன், ஆனா அந்தம்மா குரலை நேத்துதான் முதல்முதலாக் கேட்டேன்."

அண்ணியின் முகத்தில் ஒரு மாற்றம். மீட்டரில் எதிர்பாராத எண்ணைப் பார்த்தால் அவளுக்குப் புருவம் இப்படித்தான் ஏறும்.

"சோதனைக்கு முன்னால இந்த அறைக்குள்ள யாரெல்லாம் வந்தாங்க?"

"நான் எல்லாம் மாட்டி வச்சதும் காபி குடிக்கக் கீழ போனோம். அவங்க மூணு பேரும் கடைக்குள்ள ஆளுக்கொரு பக்கம் சுத்திக்கிட்டிருந்தாங்க. யார் வேணா மேல வந்திருக்கலாம். வேன் ஓட்டுற அம்மா மட்டும் மைக் பையை மேல வச்சிட்டு வண்டிக்குப் போயிட்டாங்க. கீபோர்டுக்காரரோட மனைவி. அவங்க பாடறவங்க இல்லை."

"பெரிய பெட்டியையும் நடுப் பெட்டியையும் உங்க வண்டியில ஏத்துங்க" என்றாள் அண்ணி. "ஒத்திகை நடக்கிற இடத்துக்குப் போவோம்."

பெரிய பெட்டியை ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தி வாயாடி. வழியெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

*

பூங்காவின் ஓரத்தில் கூரை போட்ட மேடை. மணி நாலு. மேடைக்கு முன்னால் நூறு நாற்காலிகள் வெறுமையாகக் காத்திருந்தன.

வாயாடி மேடையில் ஏறும்போதே முடிவோடு ஏறினாள். அந்த ஆச்சரியக்குறிகளை அவள் மறக்கவில்லை. தபேலாக்காரர் முன்னால் போய் நின்று விரலை நீட்டினாள்.

"நீங்கதானே பண்ணீங்க?"

"ஆமா, நான்தான்" என்றார் தபேலாக்காரர்.

சேல்ஸ்மேன் நெஞ்சில் கைவைத்தார்.

"ஏன் பண்ணீங்க?"

"எங்கப்பாவும் பண்ணினார், நானும் பண்றேன். முப்பது வருஷமாச்சு. உள்ளங்கையைப் பாருங்க, எப்படிக் காய்ச்சுப் போயிருக்கு!"

"அவருக்கு இடது காது கேட்காது" என்றார் கீபோர்டுக்காரர் சலிப்போடு. "தபேலா வாசிக்கிறது நீங்களான்னு கேட்டதா நினைச்சுக்கிட்டார்."

வாயாடி விரலை மடக்கிக்கொண்டாள். பாடகி எழுந்து வந்தார். ஐம்பது வயது, நிமிர்ந்த நடை, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். "யாரும்மா நீங்கள்லாம்? இன்னும் ரெண்டு மணி நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க. என் பெட்டி எங்கேன்னு அந்த ஆளைக் கேளுங்க!"

"அதைக் காட்டத்தான் வந்திருக்கோம்" என்றாள் அண்ணி. ஒயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். நேற்று அவர்கள் மூன்று என்று நினைத்துக் கேட்டது பெரிய பெட்டியை. கடைக்காரர் எதையும் மாற்றவில்லை.

"அப்போ பெரிய பெட்டியே என்னுது. அதை வைங்க" என்றார் பாடகி.

வைத்தார்கள். பாடகி மைக்கில் ஒரு வரி பாடினார். உதட்டைப் பிதுக்கினார். "நேத்து மாதிரி இல்லையே."

"நேத்து மாதிரி நீங்களே வச்சுக் காட்டுங்க" என்றாள் அண்ணி.

பாடகி எக்கோவைத் திருகினார். குரல் கிணற்றுக்குள் விழுந்தது. தம்பி வந்து கீபோர்டு சத்தத்தை ஏற்றினார். அக்காவின் குரல் காணாமல் போனது. தபேலாக்காரர் தன் பங்குக்கு பேஸைத் திருப்பினார். நாற்காலிகள் அதிர்ந்தன. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் கைவைக்க, மைக் ஊளையிட ஆரம்பித்தது. சாதாரண ஊளை இல்லை. பூங்காவிலிருந்த பறவைகளெல்லாம் கூண்டோடு கிளம்பிப் போயின. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணி மட்டும் காதைப் பொத்தாமல் மேடையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் பல்லைக் கடித்தாள். கையிலிருந்ததைக் கீழே போட்டாள். மூன்று பேரையும் விலக்கிக்கொண்டு வந்து, குனிந்துகூடப் பார்க்காமல், நாலு திருகைத் தொட்டாள். டக், டக், டக், டக்.

ஊளை நின்றது.

"பாடுங்க அக்கா" என்றாள், எரிச்சல் அடங்காத குரலில்.

பாடகி பழக்கத்தில் பாடிவிட்டார். நேற்றைய அதே குரல் வந்தது. குத்தல் இல்லை, கிட்டே வந்து உட்கார்ந்துகொண்ட அதே நெருக்கம். ஒரு வரியோடு பாட்டு நின்றுபோனது.

"நேத்துக் கேட்டது... இதுதானே?" என்றார் தம்பி.

தம்பியின் மனைவியான அந்த வேன்காரிக்கு அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

"மேடையில நிக்கிறவங்களுக்கு மேடைச் சத்தம் எப்படி வெளிய கேட்குதுன்னு தெரியாது" என்றாள் அண்ணி மெதுவாக. "உங்க குரலை நாற்காலிப் பக்கம் நின்னு வருஷக்கணக்காக் கேட்டவங்கதான் அந்தத் திருகை அப்படி வச்சிருக்க முடியும். அப்படி ஒருத்தர்தான் இந்தக் குழுவுல இருக்காங்க. நேத்து ஓட்டுச் சீட்டு கிடைக்காத ஒரே ஆளும் அவங்கதான்."

"நீயா?" பாடகியின் குரல் உயர்ந்தது. "வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிட்டு என்னை ஏமாத்தினியா? எதுக்குடி?"

வேன்காரி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போட்ட சீட்டுல நாலு கட்டம் இருந்துச்சு அக்கா. தெளிவு, இனிமை, கம்பீரம், எதிரொலி. எடைன்னு ஒரு கட்டம் இல்லை. யார் தூக்குறதுன்னு ஒருத்தரும் கேட்கலை. மூணாவது மாடி ஒத்திகை ரூம்ல இருந்து வேனுக்கு, வேன்ல இருந்து மேடைக்கு, திரும்ப மேடையில இருந்து வேனுக்கு, வேன்ல இருந்து மூணாவது மாடிக்கு. பதினோரு வருஷம். எனக்கு ஆறு கிலோ வேணும்னு ஆசையா இருந்துச்சு. சின்னப் பெட்டியிலயும் திருகை வச்சுச் சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். காலையில இருந்து திருகிப் பார்க்குறேன், வெட்டவெளிக்கு அது தாங்கலை." அவள் சேல்ஸ்மேன் பக்கம் திரும்பினாள். "உங்க வேலைக்கு வேட்டு வைப்பாங்கன்னு சத்தியமா நினைக்கலை அண்ணே. உங்க முதலாளிகிட்ட நானே வந்து சொல்றேன்."

தம்பி தன் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"ஒரு பெட்டிக்காகவா இவ்வளவு?" என்றார் பாடகி. "பெரிய பெட்டி என்ன, மலையா?"

"தூக்கிப் பாருங்களேன்" என்றாள் வாயாடி. இடுப்பு இன்னும் வலித்தது அவளுக்கு.

பாடகி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியைப் பிடித்தார். தூக்கினார். முகம் சிவந்தது. ஒரு அடி. இரண்டு. நாலாவது அடியில் பெட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடிக்க ஒரு நிமிஷம் ஆனது.

"பழைய பெட்டியும் இதே கனமா?" என்று கேட்டார், இந்த முறை கீழ் ஸ்தாயியில்.

"மூணு கிலோ கூடுதல் அக்கா."

பாடகி தம்பியைப் பார்த்தார். தம்பி தபேலாக்காரரைப் பார்த்தார். தபேலாக்காரருக்கு நல்லவேளையாக இடது காது அந்தப் பக்கம் இருந்தது.

"நடுவுல ஒண்ணு இருக்கே, அதை யாருமே ஒழுங்காக் கேட்கலை" என்றாள் அண்ணி. சேல்ஸ்மேன் இரண்டாம் நம்பரைத் தூக்கிவந்தார். பதினாலு கிலோ, இரண்டு பக்கமும் பிடி. பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும். இரண்டு மைக்கும் கீபோர்டும் ஒன்றாகச் செருகலாம். வேன்காரி திருகுகளை வைத்தாள். பாடச் சொல்லிவிட்டுப் படியிறங்கி, கடைசி நாற்காலியையும் தாண்டி, பூங்காவின் கதவு வரை நடந்தாள். அங்கிருந்து ஒரு கையை உயர்த்தி, போதும் என்பது போல அசைத்தாள். திரும்பி வந்து ஒரு திருகை மட்டும் மயிரிழை மாற்றினாள்.

"நேத்து அளவுக்கு இல்லை" என்றாள் நேர்மையாக. "அதுல முக்கால் பங்கு வரும். மிச்சத்தை நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிறேன். பாட்டுக்குப் பாட்டு மாத்தணும்."

"அப்போ தூக்குறது?" என்றார் தம்பி.

"நீயும் தபேலாவும்" என்றார் பாடகி. "ரெண்டு பிடி இருக்கே, எண்ணிப் பார்."

சேல்ஸ்மேனின் கைபேசி ஒலித்தது. முதலாளி. வேன்காரியே வாங்கி, பத்து நிமிஷம் அந்தப் பக்கத்து வசவு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். திருப்பிக் கொடுத்தபோது சேல்ஸ்மேனின் வேலை இருந்தது. சின்னப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முதலாளி சம்மதித்திருந்தார்.

*

ஆறு மணிக்கு நாற்காலிகள் நிறைந்தன. வாயாடியும் அண்ணியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகளுக்கு முன்னால், மேடையைப் பார்த்தபடி, வேன்காரிக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டாம் நம்பர்.

"போலீசுக்குப் போகிற கேஸ்னு நினைச்சேன்" என்று கிசுகிசுத்தாள் வாயாடி. "கடைசியில குடும்பச் சண்டையைத் தீர்த்துட்டு வந்திருக்கோம். அட்டையில மாத்தி அடிக்கணும் அண்ணி."

"பேசாம கேளு."

பாடகி மைக்கைப் பிடித்தார். தபேலாக்காரரை அறிமுகம் செய்தார், கைதட்டல். தம்பியை அறிமுகம் செய்தார், கைதட்டல். பிறகு ஒரு கணம் தயங்கி, ஸ்டூல் பக்கம் கையைக் காட்டினார்.

"சத்தத்தைப் பார்த்துக்கிறது எங்க தம்பி மனைவி. இன்னிக்குச் சத்தத்துல ஏதாவது குறை இருந்தா அவகிட்ட சொல்லுங்க. நல்லா இருந்தா என்கிட்ட வந்து..."

குரல் பாதியில் மங்கியது. பாடகியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலில் இருந்தவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு விரல் மட்டும் திருகின் மேல்.

கூட்டம் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தது. பாடகி மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார். முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா இருந்தாலும் அவகிட்டயே சொல்லுங்கம்மா!" என்று மைக் இல்லாமலே கத்தினார்.

சத்தம் முழுசாகத் திரும்பி வந்தது.